தலைவர் தோட்டத்தில் இருக்கிறார்

கிணத்துக்கடவுப் பக்கத்து அந்த ஊராட்சிக்குச் சண்முகப்ரியாதான் தலைவர். பதவி இந்த முறை பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால் பழைய தலைவர் பொங்கியண்ணனால் நிற்க முடியவில்லை. ஆனாலும் ஊர் அவரைத்தான் தலைவரே என்றது. அவளை அம்மணி என்றது. அதில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. அவளுக்கும்தான்.

அன்று அலுவலகத் தொலைபேசி அடித்தது. அவள்தான் எடுத்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இன்ஜினியர்.

"தலைவர் இருக்காங்களா?"

"தோட்டத்துல இருக்கறாருங்க."

"புதுக் குழாய்க்கு எந்த வீதியில மொதல்ல தோண்டறதுன்னு கேக்கணும். மத்தியானமே ஆரம்பிச்சுருவோம். நம்பர் குடுங்க."

பொங்கியண்ணனின் நம்பரை அவள் பார்க்காமலே ஒப்பித்தாள்.

அவளை அழைத்துப் போக வந்த கணவன் ரூபன், ஹெல்மெட்டோடு வாசலில் நின்றிருந்தான்.

"யாரைக் கேட்டாங்க?"

"தலைவரை."

ரூபன் சிரித்தான். "அப்ப அந்த நாற்காலியில உக்காந்திருக்கறது யாருங்க, அம்மணி?"

சண்முகப்ரியா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். யாரும் மிரட்டவில்லை. பொங்கியண்ணன் பக்கத்தில்கூட இல்லை. போன் செய்தவர் அவளைத்தான் கேட்டார். அவள் வாய்தான் சொன்னது. காலனிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வீடு வீடாய்ப் போய் ஓட்டுக் கேட்ட அதே வாய்.

இன்ஜினியருக்குத் திரும்ப அடித்தாள். லைன் பிஸி. யாரோடு பேசுகிறார் என்று தெரிந்தது.

ரூபன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "மறுபடி போடு."

இந்தமுறை எடுத்தார்.

"சார், தலைவர் பேசறேனுங்க."

"தலைவர்கிட்டப் பேசியாச்சுங்களே. தோட்டத்து வீதியில ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு."

"அவரு போன தடவைத் தலைவருங்க. இப்ப நான். காலனி வீதியில மொதல்ல தோண்டுங்க. அங்கதான் குழாயே இல்லை. கையெழுத்துப் போட்டு இப்பவே கொண்டாந்து தாரேன்."



"அப்படியே செஞ்சுடலாங்க மேடம். ஆனா ஒண்ணு. சித்த முன்னாடி போன் எடுத்து, தலைவர் தோட்டத்துல இருக்காருன்னு சொன்னது யாருங்க?"

வெளியே ரூபன் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"அதுவும் நாந்தானுங்க" என்றாள்.