கோல்டு கார்டுக்கு இன்னும் மூன்று

மஞ்சள் வால் விமானமா, பச்சை வால் விமானமா என்று முடிவு செய்ய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கயல்விழியைப் பெண் பார்க்கப் போன அன்று, பஜ்ஜி ஆறுவதற்குள் சரி என்று சொன்னவன் நான். விமான கம்பெனிகளின் பெயர் வேண்டாம். வால் நிறத்தை வைத்தே பேசுவோம்.

கடலூர் சிப்காட்டில் பெயிண்டுக்கான பவுடர் தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு விற்பனைப் பிரிவில் வேலை. போன மே மாதம் பதவி உயர்வு கொடுத்து, வாரா வாரம் மும்பை தலைமை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் சிதம்பரத்தில் கார் ஏறி, சென்னை போய் விமானம் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதே வழியில் திரும்ப வேண்டும். எந்த விமானத்தில் போவது என்பது மட்டும் என் இஷ்டம். நாற்பத்து நான்கு வயதில் ஒரு விஷயம் என் இஷ்டத்துக்கு விடப்பட்டது அதுதான் முதல் தடவை. சும்மா விடுவேனா? எக்செல் திறந்தேன்.

பச்சை வாலில் நாற்பது பயணம் முடித்தால் கோல்டு கார்டு; அதைக் காட்டினால் எந்த வரிசையிலும் நிற்காமல் முதல் ஆளாக உள்ளே போகலாம். மஞ்சள் வாலில் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் அறுபது பயணம் முடிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஜனவரியில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஆனால் மஞ்சள் வாலில் குடும்பக் கணக்கு உண்டு. நான் சேர்க்கும் பாயிண்டுகளில் வீட்டில் ஒருவர் இலவசமாகப் பறக்கலாம்.

"அப்பாவுக்காகத்தான் மஞ்சள்" என்று வீட்டில் அறிவித்தேன். பாதி உண்மை. மஞ்சள் வாலின் விளம்பரப் படத்தில் என் அளவு தொப்பையுள்ள ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவர் முகத்திலிருந்த நிம்மதி மீதிப் பாதி.

அப்பா ராமாமிர்தம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு அண்ணாமலை நகரில் எங்களோடு இருக்கிறார். எழுபத்து மூன்று வயது.

"கம்பத்து உச்சிக்கு மேல நான் போனதே இல்லடா" என்று சிரித்தார். "அதுக்கு மேலயும் ஒனக்கு லைன் இழுத்துருக்கானுவளா?"

கருப்புச் சட்டைக்காரர். ஆடி மாதத்தில், அதுவும் ராகு காலம் பார்த்து, ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். பெயர் வைப்பதில் மட்டும் ஊர் வழக்கத்தை விடவில்லை. தன் அப்பா பெயரான உத்திராபதியை எனக்கு வைத்தார். "சாமிதான் இல்ல. அப்பா இருந்தாருல்ல?" என்பது அவர் வாதம்.

அதனால் நான் ரா. உத்திராபதி, அப்பா உ. ராமாமிர்தம். மஞ்சள் வாலின் இணையதளத்துக்கு இனிஷியல் பிடிக்காது. முன்பெயர், பின்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு அடம் பிடிக்கும். என்னை ராமாமிர்தம் உத்திராபதி என்று நிரப்பினேன். குடும்பக் கணக்கில் அப்பாவை உத்திராபதி ராமாமிர்தம் என்று நிரப்பி, அவர் செல்போன் எண்ணையும் கொடுத்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதன்பிறகு எனக்கு அவர்களிடமிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். கூட வரவில்லை. தொல்லை செய்யாத நாகரிகமான கம்பெனி என்று ஆபீஸில் நான்கு பேரிடம் பாராட்டினேன். என் எண்ணிக்கையை ஆப்பில் நானே பார்த்துக்கொண்டேன்.

தீபாவளி வாரம் நான் மும்பை போகவில்லை. அப்பா அதிரசத்தைக் கடித்துக்கொண்டே, "போவலன்னா கணக்கு இடிக்குமேடா" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

டிசம்பரில் அவர் மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தார். கேட்டால், "காக்கா பாக்குறேன்" என்பார். ஏற்கனவே ஒரு ஸ்டென்ட் வைத்த இதயம். பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை கடலூரில் வழக்கமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகம் புரிந்தது.

"மூணு எடத்துல அடைப்பு. பைபாஸ்தான். வர்ற புதன்கிழமை டேட் இருக்கு, வெச்சுக்கலாம்."

அப்போது என் எண்ணிக்கை ஐம்பத்தேழு. கோல்டு கார்டுக்கு இன்னும் மூன்று. பதினைந்தாம் தேதி திங்கள் போக, பத்தொன்பது வெள்ளி வர, இருபத்திரண்டு திங்கள் போக. கிறிஸ்துமஸ் முதல் ஆபீஸ் விடுமுறை. டாக்டரம்மா புதன்கிழமை என்று சொல்லி வாயை மூடுவதற்குள் இந்தக் கணக்கு என் தலையில் ஓடி முடிந்திருந்தது. யாரும் என்னைக் கணக்குப் போடச் சொல்லவில்லை.

நான் வாயைத் திறக்குமுன் அப்பா பேசினார்.

"செவ்வாக்கெழம மார்கழி பொறக்குதும்மா. மார்கழியில கத்தி வெக்க வேணாம். தை பொறக்கட்டும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "ஒரு மாசமா? ஐயா, இது தள்ளிப்போடற வெஷயம் இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார்."

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆடியில் தாலி கட்டிய மனுஷன், மார்கழியாவது மண்ணாங்கட்டியாவது, புதன்கிழமையே வையுங்கள் என்று. நான் கழுத்தைச் சொறிந்துகொண்டேன். "பெரியவரு மனசு கஷ்டப்படக் கூடாதில்ல டாக்டர்" என்றேன். என்ன பக்குவமான வாக்கியம் பாருங்கள். அவர் மாத்திரையை மாற்றி எழுதினார். மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, அப்பா காதில் விழாத தூரத்தில் கயல்விழி என்னைப் பிடித்தாள்.

"மாமா என்னிக்கிங்க மார்கழி பாத்தாரு? என் வளைகாப்பையே அஷ்டமியில வெச்சவரு."

"வயசானா மனுஷன் மாறுவாங்க கயல்."

"அவுரு மாறல. என்னமோ இருக்கு. நீங்க கேக்க மாட்டேங்கறீங்க."

கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

திங்கட்கிழமை போனேன். ஐம்பத்தெட்டு. மும்பையிலிருந்து தினமும் போனில் பேசினேன். அப்பாவின் வாக்கியங்கள் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தன. "நல்லா இருக்கேன்" என்பதை இரண்டு தவணையாகச் சொன்னார். கயல்விழி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் மறுத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை திரும்பினேன். ஐம்பத்தொன்பது. இரண்டு தலையணையை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். காலைப் பார்த்தேன். சாக்ஸ் கழற்றிய இடத்தில் வளையம் மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையும் அந்தப் பள்ளம் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம்பா."

"நாளைக்கி நீ போய் எறங்கினதும், கயலு கூட்டிட்டுப் போவட்டும். இப்ப இன்னா அவசரம்?"

நீ போய் இறங்கினதும் என்று ஏன் சொன்னார் என்று யோசித்தேன். யோசித்துவிட்டுப் பெட்டியில் சட்டைகளை அடுக்கினேன்.

இருபத்திரண்டாம் தேதி விடியும்போது மார்கழிப் பனியில் தெரு வெளுத்துக் கிடந்தது. அப்பா வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியனுப்ப நிற்கிறார் என்று தோன்றியது. விட்டால் விழுந்துவிடுவார் என்பதும் தோன்றியது. மே மாதத்திலிருந்து என்னை வாராவாரம் சென்னைக்குக் கொண்டுபோய் விடும் டிரைவர் அப்துல் மஜீத் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, அப்பாவையே பார்த்தார்.

"சார், பெரியவருக்கு மூச்சு ஜாஸ்தியா வாங்குதே. இன்னிக்கிப் போயே ஆவணுமா?"

"மீட்டிங் இருக்கு மஜீத்."

மீட்டிங் இருந்தது உண்மை. விடுமுறை வாரம் என்பதால் வீட்டிலிருந்தே வீடியோவில் கலந்துகொள்ளலாம் என்று மேனேஜர் வியாழக்கிழமையே சொல்லியிருந்ததும் உண்மை. இரண்டாவது உண்மையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சென்னை விமான நிலையத்தில் ஆப்பைத் திறந்தேன். ஐம்பத்தெட்டு என்று காட்டியது. வெள்ளிக்கிழமைப் பயணத்தைக் காணோம். பதறிப்போய் ஆப்பை மூடி மூடித் திறந்தேன். அப்பாவின் கால் பள்ளத்தைப் பார்த்தபோது இந்த அளவு பதறவில்லை என்பதை எழுதக் கூசுகிறது. எழுதிவிடுகிறேன். மஞ்சள் வாலின் கவுண்டருக்கு ஓடினேன்.

அங்கிருந்த பெண் தட்டிப் பார்த்தாள். "சேர்த்துடலாம் சார். உங்க ரெஜிஸ்டர்டு நம்பருக்கு ஓ.டி.பி. போயிருக்கு. நாற்பத்தேழுன்னு முடியற நம்பர்."

"என் நம்பர் பன்னெண்டுன்னுல்ல முடியும்?"

"ராமாமிர்தம் உத்திராபதி, உத்திராபதி ராமாமிர்தம்னு ரெண்டு பேர் வந்திருக்கு சார். சிஸ்டம் ஒரே ஆளுன்னு நெனச்சு சேத்துடுச்சு. ஜூன்லேர்ந்து மெசேஜ் எல்லாம் இந்த நம்பருக்குத்தான் போகுது."

நாற்பத்தேழு அப்பாவின் எண். அழைத்தேன். நெடுநேரம் அடித்தபிறகு எடுத்தார்.

"அப்பா, ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாருங்க. ஆறு நம்பர்."

"வந்துருக்கு... இரு." மூச்சு. "எப்பவும் இன்னும் மூணு, இன்னும் ரெண்டுன்னுதான் வரும். இன்னிக்கி... என்னமோ நம்பரா அனுப்பிச்சிருக்கான்."

என் கையிலிருந்த போர்டிங் பாஸ் நனைந்திருந்தது. வியர்வை.

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"எனக்குத்தான வருது? டியர் ராமாமிர்தம்னு... மரியாதையா கூப்புடறான். படிக்காம?"

"அன்னிக்கி ஆஸ்பத்திரியில, மார்கழின்னு..."

"அன்னிக்கிக் காலயிலதான் மூணுன்னு வந்துது." மறுபடி மூச்சு, இந்த முறை நீளமாக, ஓட்டைப் பம்பு மாதிரி. "நீ ஆறு மாசமா நாயா அலஞ்சுருக்க. என்னால கெட்டுப்போவணுமா? மார்கழின்னு சொன்னாத்தான் டாக்டரு விடுவாங்க. நீ ஏறுடா. நம்பர சொல்றேன், எழுதிக்க. நாலு... ஒண்ணு..."

மூன்றாவது எண் வரவில்லை. ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. தூரத்தில் கயல்விழி "மாமா!" என்றாள்.

கவுண்டர் பெண் விரல்களை விசைப்பலகையில் வைத்தபடி காத்திருந்தாள். "சார், நம்பர்? போர்டிங் ஆரம்பிச்சுட்டாங்க."

நான் திரும்பி ஓடினேன். உள்ளே வந்த பயணி வெளியே போவதற்கு விமான நிலையத்தில் அவ்வளவு சுலபத்தில் வழியில்லை. ஒவ்வொரு காக்கிச் சட்டையிடமும் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னேன். ஒன்பது நாள் தாமதமாகச் சொன்னேன்.

போன் செய்ததும் மஜீத் டீக்கடையிலிருந்து கார் எடுத்து வந்தார். செங்கல்பட்டு தாண்டும்போது கயல்விழி அழைத்தாள். நினைவு இருக்கிறது, ஆம்புலன்ஸில் கடலூர் போகிறோம் என்றாள். திண்டிவனத்தில் நான் அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. புதுச்சேரி வரைக்கும் எடுக்கவில்லை. மஜீத்தின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. என்ன ஓதினார் என்று கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து ஓதினால் போதும் என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் கயல்விழி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அப்பாவின் போனை மட்டும் என் கையில் வைத்தாள். டாக்டரம்மா பேசினார். "இன்னிக்கே திறந்தாகணும். அன்னிக்குன்னா தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப ஹார்ட் ரொம்ப வீக். பாதிக்குப் பாதின்னு வெச்சுக்குங்க."

சம்மதப் படிவம் நீட்டினார்கள். நோயாளி பெயர் உ. ராமாமிர்தம். பொறுப்பாளர் பெயர் ரா. உத்திராபதி. நர்ஸ் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுல யாரு சார் பேஷண்ட்டு?" என்றாள். வேறு நாளாக இருந்தால் அதற்கு நான் ஒரு ஜோக் சொல்லியிருப்பேன்.

"உள்ள ஏதாச்சும் சிக்கல்னு தியேட்டர்லேர்ந்து கூப்புடற மாதிரி இருந்தா எந்த நம்பருக்கு?"

பன்னிரண்டில் முடியும் என் எண்ணை எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

தள்ளுவண்டியில் அப்பாவைக் கொண்டுவந்தார்கள். ஆக்சிஜன் முகமூடிக்குள் ஏதோ சொன்னார். குனிந்தேன்.

"அறுவது... ஆச்சா?"

"ஆச்சுப்பா."

கண்ணால் சிரித்தார். "அப்ப... இனிமே வரிசைல... நிக்க வேணாம்."

வேறு யாரையோ உள்ளே கொண்டுபோகக் காத்திருந்தவர்கள் ஒதுங்கி, அப்பாவுக்கு முதலில் வழிவிட்டார்கள். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். கயல்விழி பெஞ்சின் அடுத்த முனையில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம். மடியில் இரண்டு போன்கள். ஒரு மணி நேரம் போயிருக்கும், ஒன்று அதிர்ந்தது. அப்பாவுடையது.

அன்புள்ள ராமாமிர்தம் அவர்களே, இன்றைய விமானத்தைத் தவறவிட்டுவிட்டீர்கள். கோல்டு கார்டுக்கு இன்னும் இரண்டே பயணம். ஒன்பது நாட்கள் மீதம் உள்ளன.

அதைக் கவிழ்த்து வைத்தேன். என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது அடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று முணுமுணுத்தபோது, கயல்விழி நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.