பேப்பர் வெயிட் அட்டையில் ஒரு கையெழுத்து

என் தம்பி பெண்டாட்டிக்குப் பழம்பொருள் ஏலக்கடையில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். பழைய கண்ணாடி பேப்பர் வெயிட் எந்த ஊர்ப் பட்டறையில் பிறந்தது என்று பதினெட்டு வருஷமாக அங்கே சொல்லிவருபவள் நான். அவள் வந்து இரண்டே வருஷம். அதற்குள் முதலாளி, "சின்னவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த வாரம் எரிச்சல் இரட்டிப்பானது. கண்ணாடிப் பிரிவுக்குத் தலைமை யார் என்று முதலாளி முடிவு செய்ய வேண்டியிருந்தது. புதிதாக வந்த ஒரு பேப்பர் வெயிட்டை எங்கள் இருவர் முன்னாலும் வைத்து, சரியாகச் சொல்பவர் விவர அட்டையில் கையெழுத்துப் போடட்டும், பிரிவும் அவருக்கே என்றார்.

உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குண்டு. உள்ளே பொடிப்பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அவள் அதைத் திருப்பி அடியைத்தான் முதலில் பார்த்தாள். கீறல் நாலா திசையிலும் ஓடுகிறது, மேஜை மேஜையாக உட்கார்ந்து விழுந்த கீறல், யாரோ உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியது இல்லை, அசல் பிரெஞ்சுப் பட்டறைச் சரக்குதான் என்று அடக்கமாகச் சொன்னாள். அந்த அடக்கம்தான் எனக்கு ஆகவே ஆகாது.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் முந்திக்கொண்டாளே. விளக்கு சொல்லட்டும் என்று கைக்குட்டையை எடுத்தேன். காலையில் சோப்புத்தூளில் அவசரமாக அலசியது, ஈரம்கூடப் போகவில்லை. முதலாளி முன்னால் குண்டை அழுத்தித் துடைத்து, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்தேன். அந்த வெளிச்சத்தில் பட்டறைக்குப் பட்டறை கண்ணாடியின் நிறம் மாறும். அவள் சொன்ன இடத்துச் சரக்கு என்றால் மங்கிய இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். இதுவோ பளீரென்று நீலமாக மின்னியது.

"புதுசு. பத்து வருஷம்கூட ஆகாது" என்றேன்.

முதலாளி தலையாட்டி, சாயங்காலத்துக்குள் அட்டையைத் தரச் சொல்லிவிட்டுப் போனார். அவள் வெற்று அட்டையை எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மதியம் பெட்டிக்குள் தூசி தட்டக் கைக்குட்டையை நுழைத்தேன். விளக்கை அணைக்க மறந்திருந்தேன். கைக்குட்டை முழுக்க அதே நீலம். துணி வெளுப்பாகத் தெரிய சோப்புத்தூளில் எதையோ கலப்பார்கள், அதுதான் மின்னியிருக்கிறது. குண்டை வெறும் தண்ணீரில் கழுவி மறுபடி வைத்தேன். மங்கிய இளஞ்சிவப்பு.

அட்டை அவளிடம் இருந்தது. போய் நின்றேன். இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். விவரம் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"நீங்க துடைக்கும்போதே பார்த்தேன் அண்ணி. முதலாளி முன்னாடி எதுக்குன்னு விட்டுட்டேன். கழுவிப் பார்ப்பீங்கன்னு தெரியும், அதான் எதுவும் எழுதாம வெச்சிருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெறும் கெட்டிக்காரியாக இருந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நல்லவளாகவும் இருக்கிறாளே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை வாங்கி, அசல் பிரெஞ்சு, பழையது என்று எழுதினேன். கீறலைப் பற்றியும் அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினேன்.

கீழே கையெழுத்துக்கான கோடு இருந்தது. அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். என் பெயரைப் போட்டேன்.