மூன்றாம் பத்தியில் ஒரு நாற்காலி

தலைமை எழுத்தரின் கண்ணில் படாமல் அந்த வீட்டிலிருந்து எந்தக் கடிதமும் வெளியே போனதில்லை. அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அந்தப் பட்டம் போகவில்லை. மனைவிகூட அக்கம்பக்கத்தில் ‘எங்க வீட்டுத் தலைமை எழுத்தர்’ என்றுதான் சொல்வாள். தண்ணீர் வரவில்லை என்ற புகாரோ, கல்யாண வாழ்த்தோ, மின்னஞ்சலே ஆனாலும் அச்செடுத்து அவர் முன் வைக்க வேண்டும். சிவப்புப் பேனாவால் திருத்தி, இடது மூலையில் இனிஷியல் போடுவார். அதற்குப் பிறகுதான் அனுப்பலாம்.

ஆகவே, சமூகப் பணியாளர் வேலைக்கு மகள் எழுதிய கவர் லெட்டரும் அன்று மாலை சாப்பாட்டு மேசைக்கு வந்தது. குடிநோயாளிகளின் குடும்பங்களைத் தேடிப்போய்ப் பார்க்கிற வேலை; இரண்டு வருடமாகத் தற்காலிக வேலைகளில் அலைந்தவளுக்கு முதல் நிரந்தர வாய்ப்பு. ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

முதல் பத்தியில் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்தார். இரண்டாவது சுத்தமாக இருந்தது. மூன்றாவதில் அவருக்கு ரத்தம் தலைக்கேறியது.

‘என் அண்ணன் குடியில் விழுந்து கிடந்தபோது மறுவாழ்வு மையத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. அந்தப் பெண் அரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினார். அடுத்த வாரமும் வந்தார். அப்படி மறுபடியும் வருகிற ஆளாக இருக்க விரும்புகிறேன்.’

“என்னம்மா இது? வேலைக்கு மனு போட்டிருக்கியா, இல்ல என் மேல புகார் மனு போட்டிருக்கியா?”

“இந்த வேலைக்கு ஏன் வரீங்கன்னு கேட்டிருக்காங்கப்பா. என் பதில் அதுதான்.”

“சேவை மனப்பான்மைன்னு எழுது. எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க.”

“நானும் அதைத்தான் எழுதினேன். பதினோரு இடத்துல கூப்பிடவே இல்ல.”

“அதுக்காக? எவனோ ஒருத்தன் டீ குடிச்சுக்கிட்டே படிக்கணுமா, அண்ணன் இப்படி, அப்பன் அப்படின்னு?”

“அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். தாராளமா எழுதுன்னான். நாலு வருஷமா தொடலைங்கிறதையும் சேர்த்துக்கோன்னான்.”

மூத்தவனுக்கு ரோஷம் என்றைக்கு இருந்தது? ஆனால் அவரைச் சுட்டது அதுவல்ல, அந்தப் பெண்ணுக்குப் போடாத நாற்காலி. மனுவோடு வந்த எவரையும் அவர் அலுவலகத்தில் நிற்க வைத்ததில்லை. மேலதிகாரி முறைத்தபோதும் தன் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியை விடாப்பிடியாகப் போட்டு வைத்திருந்தவர் அவர். அவருடைய வீட்டில் ஒரு பெண் நின்றாளாம்!

“பச்சைப் பொய். என் வீட்டுக்கு வந்த யாரும் நின்னதில்ல.”

“பொய்யா இருந்தா அடிச்சிடுங்கப்பா.” மகள் சிவப்புப் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். “எது பொய்யோ அதை மட்டும். மீதியை அனுப்பறேன்.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. இந்த மாதிரி நேரத்தில் சமாதானம் பேச ஓடிவரும் மனைவி வரவில்லை.

அவர் பேனாவைத் திறந்தார். பொய் இருக்கவும் கூடாது, உண்மையை அடிக்கவும் கூடாது என்று எத்தனை பேரை அலுவலகத்தில் விரட்டியிருக்கிறார்! அந்தப் பெண் முதல் முறை வந்து வாசல் மணி அடித்ததும் நாற்காலிகளை எல்லாம் மேசைக்குள் தள்ளியது அவருடைய கைதான். ‘எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல’ என்றார். உள்ளறையில் மூத்தவன் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அது காதில் விழாதது போல, பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அரை மணி நேரம்னு யார் சொன்னது?”

“எனக்கு அப்ப பதினாறு வயசுப்பா. ஞாபகம் அவ்வளவுதான்.”

‘அரை’யை அடித்து ‘ஒரு’ என்று எழுதினார்.

“அடுத்த வாரத்தோட முடியல,” என்றாள் மனைவி, உள்ளேயிருந்தே. “நாலு தடவை வந்தாங்க. கடைசி ரெண்டு தடவை நீங்க கதவையே திறக்கல. நான்தான் மாடிப்படியில உட்கார்ந்து பேசினேன்.”

“மாடிப்படியிலயா? கட்டடத்துல இருக்கிறவங்க அத்தனை பேரும் பார்க்கவா?”

“பார்த்தாங்க. அதுல ரெண்டு வீட்டுக்காரங்க அந்தம்மாவோட நம்பரைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.”

எந்த ரெண்டு வீடு என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. இத்தனை வருடம் அந்தப் படிகளில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறி இறங்கியது யாருக்காக?

‘நான்கு முறை வந்தார்’ என்று திருத்தினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுந்தியது. இடது மூலையில் இனிஷியலைப் போட்டுத் தாளைத் தள்ளினார்.

“அனுப்பு. தப்பான தகவலோட ஒரு கடிதம் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. அதுக்காகத்தான் திருத்தினேன். வேற எதுக்காகவும் இல்ல.”

“சரிப்பா.”

“என்ன சரிப்பா? மணி நாலே முக்கால். போய் டைப் அடி!”