ஒரே அலமாரியில் இரண்டு நகல்கள்

விசாரணை அறையில் அந்தச் செவிலி என் எதிரே அமர்ந்திருந்தாள். சீருடை பறிக்கப்பட்டிருந்தும் அதற்குரிய நிமிர்வு குன்றவில்லை. ஒவ்வாத ஊசிமருந்தால் முதியவர் ஒருவர் இறந்து ஒன்பது நாளாகியிருந்தது. அம்மருந்து அவருக்கு ஆகாதென்று கணினியில் பதிந்த பின்னரே வீடு சென்றதாக இவள் சொன்னாள். அடுத்த பணிமுறைக்கு வந்த செவிலி கணினியைத் திறந்தபோது அந்தக் கட்டம் வெறுமையாயிருந்தது.

“ரெண்டு தரம் சொன்னாரு சார் அந்தத் தாத்தா, மறந்துடாதம்மான்னு. பச்சை டிக் வந்துச்சு. பார்த்துட்டுத்தான் எழுந்தேன்.”

“வந்த டிக் காலு முளைச்சு ஓடிப்போச்சாக்கும்!” என்றார் மருத்துவமனை மேலாளர். யாரோ சிரித்தார்கள். எங்கள் மென்பொருள் நிறுவனத்திலிருந்து உடன் வந்திருந்த என் மேலதிகாரி என் பக்கம் சாய்ந்து, “கேட்டா மட்டும் பேசும்மா. வாயைக் குடுத்து மாட்டிக்காத” என்று முணுமுணுத்தார்.

மருத்துவமனைப் பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளத்தை வடிவமைத்தவள் நான். கணக்கிடும் எந்திரம் ஓரிடம், மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகம் ஓரிடம், அழியாது காக்கும் வட்டு வேறோரிடம் எனப் பிரித்தேன். வட்டில் எழுதி முடியும்வரை பொறுத்தால் தாமதமாகும்; ஆகவே இரு நினைவக எந்திரங்களில் நகல் விழுந்த கணமே பச்சைக் குறி காட்டச் செய்தேன். ஒன்று வீழினும் மற்றொன்று தாங்கும் என்பது கணிப்பு. கம்பி குறுகினால் விரைவு கூடுமென்று அவ்விரண்டையும் ஒரே அலமாரியில், ஒரே மின்னிணைப்பில் நிறுத்தியவளும் நானே. இவள் பதிந்த அன்று மாலை அந்த அலமாரிக்கு நான்கு நொடி மின்சாரம் அற்றது. வட்டை எட்டாமல் மாய்ந்த பதிவுகள் முப்பத்தேழு. ‘பாதிப்பு இல்லை’ என்ற அறிக்கையில் என் கையொப்பமும் இருந்தது.

மேலாளர் ஒரு தாளை நகர்த்தினார். “பதிய மறந்துட்டேன்னு ஒரு வரி, சிஸ்டர். வேலையோட போயிடும். கேஸு கீஸுன்னு அலைய வேண்டாம்.”

அவள் பேனாவை எடுத்தாள். விடியலில் இறைவனைப் பாடிய என் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. அதைப் பிய்த்தெடுப்பதுபோல் பேசினேன்.

“டிக் வந்திருக்கும். அவங்க பதிஞ்சாங்க. நாங்கதான் தொலைச்சோம்.”

மேலதிகாரி கண்களை மூடிக்கொண்டார். செவிலியின் முகம் மலருமென்று எதிர்பார்த்திருந்தேன் போலும். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அப்போ, இத்தனை நாளா நான் பார்த்துட்டு எழுந்துபோன டிக்கெல்லாம்?”

அவள் சுட்டுவிரலால் வெறும் மேசையை ஒருமுறை அழுத்தினாள், எடுத்தாள், அழுத்திய இடத்தையே உற்றுப் பார்த்திருந்து, மீண்டும் அழுத்தினாள்.