வாலுவின் வெண்ணெய் கேக்

பேக்கரிக்காரருக்கு மகள் என்றால் உயிர். வாலு என்றுதான் கூப்பிடுவார். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அவளுடைய வலிப்பு அடங்கவில்லை. கடைசியில் டாக்டர், வலிப்பைக் குறைக்கக் கீட்டோ உணவைத் தொடங்கச் சொன்னார். கொழுப்புதான் நிறைய, மாவும் சர்க்கரையும் கிட்டத்தட்டக் கிடையாது, எல்லாமே எடை போட்டுத்தான்.

ஊருக்கெல்லாம் கேக் சுடுகிறவர், பெற்ற பெண்ணுக்கு ஒரு துண்டு தர முடியாமல் நொந்துபோனார். உணவு ஆலோசகரிடம் அளவு கேட்டு, பாதாம் மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துத் தனியாக ஒன்று சுட்டார்.

வாலு கடித்துப் பார்த்தாள். "அப்பா, இத வச்சு ஆணி அடிக்கலாம்."

அடுத்தது வெண்ணெயில் மிதந்தது. அவர் விடுவதாக இல்லை. ஒருவழியாகக் கேக் பஞ்சு மாதிரி வந்தது. அதற்குள் தினமும் வந்துகொண்டிருந்த வலிப்பும் எப்போதாவது என்றாகியிருந்தது.

ஒருநாள் கடைக்கு வந்த அம்மாள் ஒருவர் வாலுவிடம் பிஸ்கட்டை நீட்டினார். அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் வாலு முந்திக்கொண்டாள்.

"வேணாம் ஆன்ட்டி. எங்கப்பா எனக்குன்னு தனியா கேக் சுடுவாரு."

"அப்படியா? எனக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்றார் அந்த அம்மாள்.

"அது விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார் பேக்கரிக்காரர். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.