திரங்கானுக் கலகமும் பதினாறு பக்கக் கல்வெட்டும்

கல்வெட்டு என்றால் எங்கள் யாழ்ப்பாண ஆட்களுக்குக் கல்லில் வெட்டுவது அல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், சாப்பிட வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் புத்தகம். இறந்தவரின் பெருமை, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று எல்லாருக்கும் பாட்டு இருக்கும். கனடாவில், ஸ்காபரோவில் அந்தப் புலம்பல்களை எழுதுகிறவன் நான். இதுவரை அறுபது விதவைகளுக்காக அழுதிருக்கிறேன். வீட்டில் எனக்காக அழுவதற்கு ஆளில்லை.

சச்சிதானந்தன் ஐயாவின் கல்வெட்டு என் உயிரை வாங்கிவிட்டது. இருபது வயதில் மலாயாவுக்குப் போய், திரங்கானுவில் வெள்ளைக்காரன் நடத்திய காணிக் கந்தோரில், அதாவது நில அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். 1928இல், காலங்காலமாகத் தாங்கள் வெட்டிப் பயிர்செய்யும் காட்டுக்கு எதற்குப் பெர்மிட், எதற்கு வரி என்று மலாய்க்காரர்கள் கிளர்ந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். இருந்து என்ன செய்தார் என்பதுதான் வழக்கு.

"அப்பா கந்தோரைக் காத்தவர். வீரர் எண்டு போடுங்கோ," என்றார் வெக்ஸ்போர்ட்டிலிருந்து வந்த மகன் இராஜரட்ணம்.

"வெள்ளைக்காரனுக்கு வரி எடுத்துக் குடுத்தவரெண்டு ஊருக்குச் சொல்லப்போறியளோ அண்ணா? அப்பா சனத்தோட நிண்டவர்," என்றாள் அஜக்ஸிலிருந்து வந்த மகள் ரதி.

"நீ கண்டனியோ?"

"நீங்கள் கண்டனீங்களோ?"

நான் மூன்றாம் தடவையாகப் பாட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். காலையில் காத்தவர், மத்தியானம் கலகக்காரர். அச்சகத்துக்கு நாலு மணிக்குள் கொடுக்கவேண்டும். பிணத்துக்குக்கூட இவ்வளவு அவசரம் இருக்கவில்லை.

டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டின் சோபாவில் இருந்த அன்ரி, ஐயாவின் மனைவி, இருவரையும் கையமர்த்தினார்.

"அவர் அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சவர்," என்றார்.

இருவரும் திரும்பினார்கள்.

"காட்டை வெட்டிப் பயிர்செய்யிற ஒரு மலாய்க் கமக்காரன் பெர்மிட்டுக்கு மூண்டு தரம் வந்தவனாம். ஒவ்வொரு தரமும் பேப்பர் பிழையெண்டு இவர் திருப்பி அனுப்பினவர். கந்தோருக்குள்ள சனம் பூந்த அண்டைக்கு அவன்தான் இவரைக் கண்டவன். தன்ர சாரத்தை உடுத்தக் குடுத்து, படகில ஏத்தி, ஆத்தைக் கடத்தி விட்டவன். உங்களுக்குச் சொல்ல அவருக்கு வெக்கம். எனக்குச் சொல்லிச் சொல்லி அழுவார். தம்பி, அந்த மனுசனை இதில போடும்."

"அம்மா, ஆரெண்டே தெரியாத ஆளை..."

"அவன் இல்லாட்டி நீயும் இல்லை, உவளும் இல்லை."

நான் குறுக்கிட்டேன். "அன்ரி, பதினாறு பக்கமும் நிறைஞ்சுபோச்சு. ஒரு வரிக்கும் இடமில்லை."

"என்ர புலம்பலை எடுத்துப்போட்டு அவனைப் போடும்."

"மனைவி புலம்பல் இல்லாத கல்வெட்டோ? சனம் என்ன சொல்லும்!"

"ஐம்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தினது நான். என்ர அழுகையை நான் அழுவன். அதுக்கு உம்மட பாட்டு வேண்டாம்."

அறுபது விதவைகளில் ஒருத்தியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. இராஜரட்ணம் மேசையில் கிடந்த பேனையை என் பக்கம் தள்ளினார். ரதி தாயின் பக்கத்தில் போய் இருந்தாள். நான் 'வீரர்' என்பதை வெட்டினேன். 'சனத்தோடு நின்றவர்' என்பதையும் வெட்டினேன். பிறகு, அலுமாரியையும் ஆற்றையும் பாட்டில் அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாலு மணிக்கு ஃபாக்ஸில் அனுப்பினேன். நாலரைக்கு அச்சகத்திலிருந்து அன்ரி வீட்டுக்கே போன் வந்தது.

"அண்ணை, பதினோராம் பக்கத்தில படகில ஏத்தின ஆள்ர பேர் விடுபட்டிருக்கு."

"விடுபடேல்லை. தெரியாது."

"அப்ப என்ன உறவு எண்டு போடுறது?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அன்ரியிடம் கேட்டேன்.



"அவனுக்குக் கடன்காரர் நாங்கள் எண்டு போடச் சொல்லும்."