பையில் இட்ட முட்டை

கணினி சொன்ன பதிலைப் பார்த்து ஆய்வு மாணவிக்குத் தலை சுற்றியது. பதினொரு வருஷத்துச் சிட்டுக்குருவிகள், மூவாயிரம் சொட்டு ரத்தம், எல்லாம் ஒரே கேள்விக்காக. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த மரபுச் சரடுகளை ஒவ்வொரு குருவியும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துத்தான் தன் குஞ்சுக்குக் கொடுக்கிறது. அதிகம் கலைப்பது பெட்டையா, சேவலா? அப்படிக் கலைக்கச் சொல்லும் மரபணு எது? பெட்டைதான் என்று முன்பு ஒரு சின்னச் சோதனையில் தெரிந்திருந்தது. இப்போது கணினி, சேவல் என்றது. அதோடு நின்றதா? நோட்டில் பெட்டை என்றிருந்ததையெல்லாம் சேவல் என்றும், சேவலையெல்லாம் பெட்டை என்றும் சாதித்தது.

நோட்டை எழுதுகிறவள் வளையக்கா. குருவியைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, ரத்தம் எடுத்து, சேவலுக்கு ஒன்று, பெட்டைக்கு இரண்டு என்று குறிப்பாள். அவள்தான் எண்ணை மாற்றிப் போட்டிருக்க வேண்டும் என்று மாணவி பேராசிரியரிடம் சொல்லிவைத்தாள். மனிதர் முன்பின் யோசிக்கவில்லை. மாதக் கடைசியோடு வேறு ஆள் என்று கடிதம் போட்டுவிட்டார்.

மறுநாளே வளையக்கா வந்து, வலையும் வளையமும் வைக்கும் கொட்டகையின் சாவியை மேசைமேல் வைத்தாள். திட்டியிருந்தால் மாணவி சமாளித்திருப்பாள். அந்த முகத்தில் இருந்தது கோபமில்லை, வெறும் குழப்பம். பழைய நோட்டு ஒன்றைப் பிரித்து, நொண்டிச் சித்தி என்று தான் கூப்பிடும் குருவியின் வளைய எண்ணைக் காட்டினாள்.

“இவ ஆணா பொண்ணான்னு கம்ப்யூட்டர்ல பாரும்மா.”

பார்த்தாள். சேவல்.

“சேவலா? என் துணிப்பையிலயே முட்டை போட்டாளேம்மா.”

நோட்டின் அந்தப் பக்கத்தில் முட்டையின் மஞ்சள் கறை காய்ந்திருந்தது.

மாணவிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணினி நிரலை மனித ரத்தம் ஆராயும் தோழியிடம் இரவல் வாங்கியிருந்தாள். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் இரண்டு சரடுகளும் மனிதரில் வெவ்வேறாக இருந்தால் ஆண். பறவையில் அது பெட்டை. முதல் வருஷப் பாடம். அந்த ஒரு வரியை அவள் மாற்றவேயில்லை. மாற்றினாள். நொண்டிச் சித்தியும் பெட்டை, அதிகம் கலைப்பதும் பெட்டை என்று கணினி சமர்த்தாகச் சொன்னது. எந்த மரபணு என்பது மட்டும் பழையபடி புகைமூட்டமாகவே இருந்தது. இருக்கட்டும் என்று, வளையக்காவின் எதிரிலேயே பேராசிரியரைப் போனில் கூப்பிட்டுத் தப்பு தன்னுடையது என்றாள். கடிதம் ரத்தாயிற்று.

சாவியை நீட்டினாள். வளையக்கா வாங்கவில்லை.

“நெஜமாவா சொல்ற? எனக்காக ஒண்ணும் சொல்லலையே? இன்னிக்குக் காலையில ஒரு குருவி வலையில விழுந்துச்சு. தொண்டையெல்லாம் கறுப்பு, சேவலுக்குத்தான் அப்படி இருக்கும். எழுதக் கை வரல.”

புது நோட்டைக் காட்டினாள். கடைசி வரியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. மாணவி பேனாவை எடுத்துக் கொடுத்தாள். வளையக்கா அதைக் கட்டத்தின்மேல் வைத்து, எழுதாமல் நிமிர்ந்தாள்.

“ஒண்ணுதானே?”

பதினொரு வருஷத்தில் அவள் அதை யாரிடமும் கேட்டதில்லை.